அம்மா ஏற வேண்டிய விமானம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ, அத்தான், அம்மா மூன்று பேரும் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் கத்திப் பேசியே பழகியவன், பிழை இருந்தால் சிரிக்காதே. சண்டை மூண்டதிலிருந்து, விமானங்களுக்கு வழி காட்டும் சிக்னலை யாரோ எங்கிருந்தோ குழப்புகிறார்கள். அது போகிற போக்கில் எங்கள் செல்போனையும் தின்றுவிட்டது. தண்ணீர் லாரிக்காரர் வாரம் ஒரு முறை தபாலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார். என்னைச் சுற்றி நூறு விமானம் நிற்கிறது, என் கடிதம் கப்பலில் வருகிறது. இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

நகரத்து விமான நிலையத்தில் வேலை இல்லை. நடுவில் இருக்கிற நாடுகள் ஒவ்வொன்றாக வானத்தைப் பூட்டிவிட்டன. சுற்றிப் போனால் எரிபொருளுக்குக் கட்டுப்படி ஆகாது. அதனால் கம்பெனிகள் விமானங்களை இந்தப் பொட்டல்வெளியில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. நாங்கள் மெக்கானிக்குகள் காவல்காரர்களாகிவிட்டோம். இன்ஜின் வாயை மூடிக் கட்டுவது, கண்ணாடியில் வெள்ளித்தாள் ஒட்டுவது, டயர் ஒரே பக்கம் அழுந்தாமல் சக்கரத்தை அவ்வப்போது உருட்டுவது, இதுதான் வேலை.

நேற்று வந்து இறங்கியது எது தெரியுமா? அம்மாவின் விமானம். அந்த வழித்தடத்தில் ஓடியது இந்த ஒன்றுதான். இடது இறக்கை நுனியில் நானே போட்ட ஒட்டு இருக்கிறது, சந்தேகமே இல்லை. இவ்வளவு வருஷம் மாட்டேன் மாட்டேன் என்றவளை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து டிக்கெட் எடுத்தால், கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வானத்தைப் பூட்டிவிட்டார்கள். அம்மா வரவில்லை. அவள் ஏற வேண்டிய விமானம் மட்டும் சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டது.

உள்ளே போய் அவளுக்காக எடுத்த ஜன்னலோர இருக்கையைப் பார்த்தேன். உட்காரவில்லை. அம்மா இடத்தில் உட்கார்ந்தால் எனக்குத்தானே திட்டு விழும். கட்டி வைத்த பையை அவிழ்த்துவிட்டாளா? கோபமாக இருக்கிறாளா? பதில் போடு.

உன் பாசமுள்ள,
தம்பி


மார்ச் 22

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

உன் கடிதம் உப்பு வாடையோடு வந்து சேர்ந்தது. நாங்கள் இருக்கிறோம். அத்தானின் டாக்சி விமான நிலைய வாசலில் நின்று நின்று சிலையாகிவிட்டது. எங்கள் விமானச் சாப்பாட்டுக் கூடத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற நாங்கள் அதே தட்டு, அதே மூடி வைத்து ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்டுகிறோம். நோயாளிகள் வெண்ணெய் எங்கே என்று கேட்கிறார்களாம், அவ்வளவு பழக்கமாகிவிட்டது.

அம்மாவின் பை வாசலிலேயே இருக்கிறது. ஒன்பது பொட்டலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய முடிச்சு. அவிழ்க்க விடமாட்டேன் என்கிறாள். “பூட்டியே வைக்க வானம் என்ன, தெருக்குழாயா? திறந்துதான் ஆகணும்” என்கிறாள். அத்தான் டாக்சியில் உட்கார வைத்து பெல்ட் போடக் கற்றுக்கொடுத்தார். இவள் பூட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெல்ட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இரட்டை முடிச்சாகப் போட்டு நுனியை உள்ளே செருகிவிட்டாள். கேட்டால், “பூட்டு மறந்துபோகும், முடிச்சு மறக்காது. நுனி வெளியில தெரிஞ்சா எவனாவது இழுப்பான்.” அவளுடைய சந்தேகங்களுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். உள்ளே செருப்போடு போகலாமா? கால் எட்டாதவர்களுக்குக் கீழே வைக்க ஏதாவது கொடுப்பார்களா? தொங்கப் போட்டால் மரத்துப்போகிறதாம்.

லேசாக நெஞ்சைப் பிடிக்கிறது என்றாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான் மருந்துச் சீட்டு வாங்கப் போன நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து, “வெளியில யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். இவள் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு வாயே திறக்கவில்லை. நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். நான் வந்து தலையில் அடித்துக்கொண்டேன். “யாராவதுன்னு கூப்பிட்டா எவளாவது போகட்டும். என்னைக் கூப்பிட்டா நான் போறேன்” என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நீ முதல்முதலில் வேலைக்குக் கிளம்பிய அன்று உன் பாஸ்போர்ட்டைத் துணியில் முடிந்து ஒளித்து வைத்தவள்தானே. அத்தான் கண்டுபிடித்திருக்காவிட்டால் நீ இன்றைக்கு இங்கே டாக்சி துடைத்துக்கொண்டிருப்பாய்.

ஒன்று மட்டும் கேள். நம் தெருத் தையல்காரரின் மகன் அங்கிருந்து லாரி ஏறி, எல்லை தாண்டி, தரை வழியாகவே வருகிறேன் என்று கிளம்பினான். இன்றுவரை தகவல் இல்லை. அவன் அம்மா பேருந்து நிலையத்தில் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீ அப்படி எதுவும் செய்யாதே. அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: “அந்தத் தடியன் நேரத்துக்குத் தின்கிறானான்னு கேளு. ரோட்டு வழியா கீட்டு வழியா கிளம்பி வந்தான்னா காலை ஒடிச்சிருவேன்னு எழுது. நானே வர்றேன். இடத்தைப் பார்த்து வைக்கச் சொல்லு.”

இப்படிக்கு,
இவளோடு மல்லுக்கட்டும் அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

நான் நேரத்துக்குத் தின்கிறேன் என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடு. நெஞ்சுவலி எப்படி இருக்கிறது? அதை இரண்டு வரியில் எழுதிவிட்டு நர்ஸ் கதையை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

அந்தக் கதையைப் படித்து நானும் பல்லியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பல்லி என்பது என்னோடு வேலை பார்ப்பவன். இறக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டே போவான், அதனால் அந்தப் பெயர். சிரித்ததற்குக் காரணம், எங்கள் தொழிலிலும் அந்தக் கேள்விதான். விமானத்துக்குள் வேலை முடிந்ததும் கடைசியாக இறங்குகிறவன் வாலில் இருந்து மூக்குவரை நடந்துகொண்டே, “யாராவது இருக்கீங்களா, கதவைச் சாத்தப் போறேன்” என்று சத்தம் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால் அவன் இறங்கும்வரை கதவைத் தொடக் கூடாது. முன்பு ஒருமுறை துப்புரவு ஆள் கடைசி வரிசையில் படுத்துத் தூங்கிவிட்டானாம், தெரியாமல் சாத்திவிட்டார்களாம். மீதியை போர்மேன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உச்சி வெயிலில் மூடிய விமானம் எப்படிக் கொதிக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. இருக்கைத் துணி வெளுக்காமல் இருக்க எல்லா ஜன்னல் மறைப்பையும் இறக்கி வைத்திருக்கிறோம். போன வாரம் சக்கரம் உருட்டப் போனபோது வெளியிலிருந்து பார்த்தேன், ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அம்மாவின் ஜன்னல். மேலே ஏறி இறக்கிவிட்டு வந்தேன். நேற்றுப் பார்த்தால் மறுபடி திறந்திருக்கிறது. பல்லியின் சேட்டைதான், அவனுக்கு அந்த இருக்கையின் கதை தெரியும். கேட்டால் பச்சைப் பிள்ளை மாதிரி முழிக்கிறான்.

இரண்டு அரசும் வானத்தைத் திறக்கப் பேசுகின்றன என்று லாரிக்காரர் சொன்னார். திறந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனி விடாதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது சரிதான். அம்மா எழுதச் சொன்னதை மறக்காமல் எழுது.

தடியன்


மே 6

அன்புத் தம்பி,

நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே. கூடத்தில் ஆள் குறைவு, வேலை அதிகம், கடிதம் எழுத உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது.

அம்மா நன்றாக இருக்கிறாள். கால் வலியால் அதிகம் நடப்பதில்லை, படுத்துத்தான் இருக்கிறாள். இப்போது தூங்குகிறாள். உனக்குச் சொல்லச் சொன்னாள்: “கண்ணு, உடம்பைப் பார்த்துக்கோ. அம்மாவைப் பத்திக் கவலைப்படாதே. நிம்மதியா இரு.”

பையை வாசலில் இருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டோம்.

ஜன்னல் விஷயம் காற்றாக இருக்கும். அல்லது உன் பல்லியாக இருக்கும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்காராதே. எந்தக் காரணத்துக்காகவும் தரை வழியாகக் கிளம்பாதே. இதை இரண்டு தடவை படி.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயிலைத் தவிர எனக்கு வேறு நோய் இல்லை. உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவையும் படித்தேன்.

அம்மா மாறிவிட்டாள் போலிருக்கிறது. பிறந்ததிலிருந்து என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. கழுதை என்று கூப்பிட்டிருக்கிறாள், தடியன் என்று கூப்பிட்டிருக்கிறாள், கோபம் அதிகமானால் பக்கத்து வீட்டுப் பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். வயசானால் மனசு இளகும் என்பார்கள், அதுவாக இருக்கலாம்.

ஜன்னலை விடு. மூடிய விமானத்துக்குள் காற்று ஏது? ஒவ்வொரு வாரமும் நான் இறக்குகிறேன், ஒவ்வொரு வாரமும் திறந்திருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது அதுவல்ல. துப்புரவு செய்யும்போது எல்லா இருக்கையிலும் பெல்ட்டைக் குறுக்காக மடித்து வைப்போம். அம்மாவின் இருக்கையில் பெல்ட் மடித்தபடி இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. பூட்டு ஓரத்தில் தொங்கியது. முடிச்சுக்குப் பின்னால் இருந்த இடம் சின்னது, ஒடிசலான ஓர் ஆள் உட்காரும் அளவு.

பல்லியை இழுத்து வந்து காட்டி, கன்னா பின்னா என்று திட்டினேன். “விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்குடா” என்றேன். “அண்ணே, என் பிள்ளை மேல சத்தியம், நான் இந்தப் பக்கமே வரல. இந்தப் பட்டை எவ்வளவு விறைப்பு தெரியுமா? இதை என்னால இப்படி முடிய முடியுமா, நீங்களே முயற்சி பண்ணிப் பாருங்க” என்றான். பக்கத்து இருக்கைப் பெல்ட்டில் முயன்றேன். பாதிகூட வளையவில்லை. அதற்குப் பிறகு பல்லி உள்ளே வருவதில்லை, கீழே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கிறான்.

அம்மாவிடம் இதைச் சொல், சிரிப்பாள். அவள் என்ன சொன்னாள் என்று அவள் சொன்னபடியே எழுது.

தம்பி


ஜூன் 12

தம்பி,

அத்தானும் நானும் நலம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். அந்த முடிச்சின் நுனிகள் வெளியே தெரிந்தனவா, உள்ளே செருகியிருந்தனவா? பார்த்து உடனே எழுது. அவிழ்க்காதே.

அக்கா


ஜூன் 30

அக்கா,

நலம் என்று எழுதி வைக்கிறேன், நீயும் அப்படித்தானே எழுதுகிறாய்.

உள்ளேதான் செருகியிருக்கின்றன. அவிழ்க்கவில்லை. தொடக்கூடத் தோன்றவில்லை.

பல்லி வேலையை விட்டுப் போய்விட்டான். அந்த விமானத்துக்குள் இப்போது நான் மட்டும்தான் போகிறேன். ஈரம் பிடிக்காமல் இருக்க வரிசைக்கு ஒன்றாகச் சின்னப் பொடி மூட்டைகள் வைத்திருந்தோம். ஆறேழு மூட்டைகளைக் காணோம் என்று தேடினால், எல்லாம் அம்மாவின் இருக்கைக்குக் கீழே அடுக்கியிருக்கின்றன. மேல் மூட்டையில் இரண்டு பள்ளம். கால் எட்டாத ஒருவர் குதிகாலை அழுத்தி வைத்த மாதிரி. நடு மத்தியானம் அது. உள்ளே அடுப்பு மாதிரி அனல். எழுந்து நின்று, “யாராவது இருக்கீங்களா, கதவைச் சாத்தப் போறேன்” என்றேன். பதில் இல்லை. சத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். யாரோ சொல்ல வந்து, இது நமக்கில்லை என்று வாயை மூடிக்கொண்ட மாதிரி ஒரு அமைதி இருந்தது. எனக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீ ஏதாவது மறைக்கிறாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ பதில் சொல்வாய், அதுதான் பயம்.

இன்னொரு செய்தி. அந்த விமானக் கம்பெனி திவாலாகிவிட்டது. பறக்கிற நிலையில் இருந்தாலும் வாங்க ஆள் இல்லை. உதிரி பாகத்துக்காக வெட்டப் போகிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் கதவைச் சாத்தி வெட்டும் இடத்துக்கு இழுத்துப் போக வேண்டும். சாத்துகிற ஆள் நான்தான். போர்மேனிடம் வேறு யாரையாவது போடச் சொன்னேன். “ஏன், உனக்கென்ன?” என்றார். உள்ளே ஆள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? கூப்பிட்டால் பதில் இல்லையே.

தம்பி


ஜூலை 20

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்து படி.

அம்மா போய்விட்டாள். ஏப்ரல் பிறந்து இரண்டாம் நாள். நெஞ்சுவலி என்று நான் இரண்டு வரியில் எழுதினேனே, அதுதான். நான் கட்டி அனுப்பிய சாப்பாட்டுத் தட்டு ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி திறக்காமல் இருந்தது. எங்கள் விமானத் தட்டு. அதைப் பார்த்துவிட்டு, “இதை உள்ள போனப்புறம்தானே குடுப்பாங்க?” என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அவன்கிட்டச் சொல்லாதே. நடந்தே வந்துருவான், மடையன். கேட்டா ஏறிட்டேன்னு சொல்லு” என்றாள். அதுதான் கடைசி. பிதற்றுகிறாள் என்று நினைத்தேன், தம்பி. எனக்கு எப்படித் தெரியும்?

உன்னிடம் பொய் சொன்னது நான்தான். கண்ணு என்று எழுதும்போதே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியும். ஆனால் அவள் மாதிரி உன்னைத் திட்டி எழுத எனக்குக் கை வரவில்லை, அழுகைதான் வந்தது. தையல்காரரின் மகன் இன்னும் வரவில்லை. அம்மாவையும் விட்டு, உன்னையும் அந்த எல்லையில் விட்டுவிட்டு நான் யாரை வைத்துக்கொண்டு இருப்பேன்? என்மேல் கோபம் இருந்தால் இரு. உயிரோடு இருந்து கோபப்படு.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்ததும் ஏப்ரல் கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நீ முதல் தடவை ஜன்னல் திறந்திருந்ததைப் பார்த்த வாரம் எது என்று கணக்குப் பார்த்துக்கொள். அவள் செருப்பு இன்னும் இங்கே வாசலில்தான் இருக்கிறது. வெறுங்காலோடுதான் போயிருக்கிறாள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ தொழில்முறைப்படி “யாராவது” என்று கூப்பிடுகிறாய். அவள் எப்படிப் பதில் சொல்வாள்? யாராவது என்றால் அவள் இல்லையே. இன்னும் விமானம் கிளம்பவில்லை, எப்போது எடுப்பார்கள் என்று பெல்ட்டை முடிந்துகொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வந்து சேர்ந்துவிட்டது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீ போய்ச் சொல். அவளை உள்ளே வைத்துக்கொண்டு வெட்ட விடாதே.

வானம் திறக்கப் போகிறது என்று எங்கள் கூடத்தில் பேச்சு. மறுபடி விமானத் தட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். முதல் விமானத்தில் வந்துவிடு. எனக்கு நீ வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று படித்தேன். முதலில் உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான்கு மாதம் அம்மா இல்லாமல், அம்மா இருக்கிறாள் என்று நினைத்து உன்னிடம் ஜோக் எழுதியிருக்கிறேன். பிறகு வந்த அழுகையில் கோபம் போய்விட்டது. நீ சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருப்பேன் என்பதும் உண்மை. அதனால் அதை விடு.

கதவு சாத்தும் நாளில் போனேன். மத்தியான வெயில். உள்ளே எல்லாம் இருட்டு, ஒரு ஜன்னலில் இருந்து மட்டும் ஒரு துண்டு வெளிச்சம் அந்த இருக்கைமேல் விழுந்திருந்தது. பழக்கதோஷம், வாலில் இருந்து “யாராவது இருக்கீங்களா” என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு அந்த வரிசைக்குப் போய் நின்றேன். இருக்கையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, “அம்மா, வந்து சேர்ந்தாச்சும்மா. இறங்கு. நான்தான் வந்திருக்கேன்” என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தேன். அவள் படி இறங்குவதை யாராவது பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியுமே. இரும்பு ஏணியில் நான் ஒவ்வொரு படியாக இறங்கினேன். எனக்குப் பின்னால் ஒரு படி அதிர்ந்தது, நின்றது, அதே படி மறுபடி அதிர்ந்தது. இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து இறங்குகிற மாதிரி.

கீழே பக்கத்து விமானத்தின் நிழலில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம்தான் வேலைக்கு வந்தவர், நம் கதை எதுவும் தெரியாது. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், வாளியை நகர்த்தி வழிவிட்டார். “அம்மாவா தம்பி? சாயல் இருக்கு” என்றார். “வெறுங்காலோட இருக்காங்களே, தரை கொதிக்குது. நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுபடி மேலே ஏறிப் பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது. பெல்ட் மற்ற எல்லாவற்றையும்போலக் குறுக்காக மடித்திருந்தது. கதவைச் சாத்தினேன். “கூப்பிட்டியா?” என்று போர்மேன் கேட்டார். “கூப்பிட்டேன். ஒருத்தர் இருந்தாங்க, இறங்கியாச்சு” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இழுவை வண்டிக்காரனுக்குக் கை காட்டினார்.

இனி நல்ல செய்தி. வானம் திறந்துவிட்டது. செப்டம்பர் முதல் தேதி இங்கிருந்து முதல் விமானம். சிக்னல் இன்னும் சரியாகாததால் எல்லாருக்கும் காகித டிக்கெட்தான், அது இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். என் டிக்கெட்டைச் சட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டேன். வருகிறேன், அக்கா. அத்தானை டாக்சியைத் துடைத்து வைக்கச் சொல்.

அவள் இருக்கையில் இருந்த சின்னப் போர்வையை உனக்காகக் கேட்டு வாங்கினேன். முன்னால் அனுப்புகிறேன், உன்னிடம் இருக்கட்டும். நேற்று அதைத் துணியில் சுற்றி, நாடா ஒட்டி மேசைமேல் வைத்திருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் நாடாவுக்கு மேலே கயிறு சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகியிருக்கிறது. என் அறையில் கயிறே கிடையாது. பிரிக்க மனம் வராமல் இந்தக் கடிதத்தைப் பொட்டலத்துக்கு வெளியே ஒட்டியிருக்கிறேன். மெதுவாக அவிழ், அவளுக்கு அவசரம் பிடிக்காது.

விரைவில் பார்ப்போம்.
தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று நிஜமாகவே கேட்கிறேன்.

முதல் விமானம் வந்தது. அத்தானும் நானும் வாசலில் காலையிலேயே போய் நின்றோம். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். தையல்காரரின் மகன்கூட வந்துவிட்டான், தாடியும் எலும்புமாக, எல்லையில் மறித்துத் திருப்பிவிட்டதால் நீ இருக்கும் அதே ஊரில் இருந்துதான் ஏறினானாம். கடைசியாக விமானிகளும் போனார்கள். நான் அங்கிருந்த அதிகாரியிடம், “உள்ள இன்னும் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன். “யாரும் இல்லம்மா” என்று கதவைச் சாத்திவிட்டார். நீ வரவில்லை, உன் பொட்டலம் மட்டும் கப்பல் தபாலில் வந்து வீட்டில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, நீ சொன்ன மாதிரி மெதுவாகத்தான் அவிழ்த்தேன். அவள் முடிச்சுதான். அத்தானும் கிட்டே வந்து பார்த்தார். உள்ளே போர்வை இருந்தது. போர்வை மடிப்புக்குள் இன்னொரு சின்ன முடிச்சு இருந்தது, பாஸ்போர்ட்டை அன்று ஒளித்தாளே, அந்த மாதிரி. அதற்குள் உன் டிக்கெட் இருந்தது.

அதை நீ வைத்தாயா? அது ஒன்றை மட்டும் எழுது.

அக்கா